தபோதை: இராசகிருகத்து வெந்நீரூற்றுக்களின் வரலாறு

மகத நாட்டின் பழந்தலைநகராகிய இராசகிருகம் மலைகளையே மதிலாகக் கொண்ட நகரம். மகாபாரதம் அதனைக் கிரிவிரசம் என்று கூறும். சராசந்தன் ஆண்ட நகர் அதுவே. இன்று பீகார் மாநிலத்து நாலந்தா மாவட்டத்தில் இராச்கிர் என்னும் ஊராக அது விளங்குகின்றது. பழைய நகரின் வடவாயிலைக் கடந்தவுடன் மேற்கே வைபாரமலையும் கிழக்கே விபுலமலையும் எதிரெதிரே நிற்கும். இவ்விரு மலைகளின் அடிவாரத்திலும் வெந்நீர் ஊற்றெடுக்கின்றது. பாளி நூல்கள் இந்நீரைத் தபோதை என்று அழைக்கும். இராசகிருகத்தைப்பற்றி எழுதுவோர் பிம்பிசாரனையும் அசாதசத்துருவையும் கழுகுமலையையும் விரித்துரைத்து, இவ்வூற்றுக்களை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவதே வழக்கம். அஃது முறையன்று என்பதே எமது கருத்து. பண்டைய நகர வாழ்க்கையை இவ்வளவு அணுக்கமாகக் காட்டும் இடம் மகதத்தில் வேறொன்று இருப்பது அரிது.

விநயபிடகம் கூறும் ஒரு நிகழ்ச்சியை முதலில் நோக்குவோம். பிம்பிசார மன்னன் தலைமுழுகும் பொருட்டுத் தபோதைக்குச் சென்றான். அங்கே பிக்குகள் நீராடிக்கொண்டிருந்தனர். அவர்கள் நீராடி முடியட்டும் என்று மன்னன் ஒருபுறம் ஒதுங்கி நின்றான். பிக்குகளோ இருள் சூழும்வரை நீரைவிட்டு ஏறினாரல்லர். காலந்தாழ்த்து நீராடிய மன்னன் திரும்பியபோது நகர வாயில் அடைக்கப்பட்டிருந்தது. தன் நகருக்கு வெளியே அவ்விரவைக் கழித்து, பூசிய நறுஞ்சாந்து கலையாத கோலத்துடன் விடியற்காலையில் புத்தர்முன் சென்று நின்றான். இவ்வளவு வேளையோடு வந்த காரணத்தை வினவியறிந்த புத்தர், மன்னனைக் கண்டும் அளவறியாது நீராடிய பிக்குகளைக் கடிந்து, அரைத்திங்களுக்கு ஒருமுறைக்கு மேல் நீராடலாகாது என்று விதித்தார். பாசித்திய விதிகளுள் 57 ஆவது இதுவேயாகும்.

இக்கதையை நிகழ்ந்தவாறே நிகழ்ந்தது என்று கொள்ளவேண்டுவதில்லை. ஆயினும் இதனைச் சொன்னவர்களுக்கு நகரின் அமைப்பு நன்கு தெரிந்திருந்தது. ஊற்றுக்கள் மதிலுக்குப் புறத்தே இருந்தன. வாயில் இரவில் அடைக்கப்பட்டது. அரசனுக்காகவும் அது திறக்கப்படவில்லை. அரசனுக்கெனத் தனிநீர்த்துறை இருந்ததாகவும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே துறையில் இறங்கினர். புத்தர் மன்னனை முந்தி நீராடும்படி சொல்லாமல் துறவியரின் நீராட்டத்தைக் குறைத்தது ஏன் என்று மாணவர் கேட்கலாம். ஊரார் இடும் சோற்றை உண்டு வாழும் கூட்டம் ஊராரின் நீரை அடைத்துக்கொண்டிருத்தல் ஆகாது என்பதே அதன் காரணம் என்று நாம் கருதுகின்றோம்.

விதி பிறந்ததும் விலக்குக்களும் பிறந்தன. வேனிலின் கடைசி ஒன்றரைத் திங்களிலும் மாரியின் முதல் திங்களிலும் நீராடலாம், நோயுற்றோர் நீராடலாம், வேலை செய்தோர், வழி நடந்தோர், காற்றிலும் மழையிலும் அகப்பட்டோர் நீராடலாம். பின்னர், அவந்தி நாட்டிலிருந்து வந்த சோணர் என்னும் பிக்கு, தம் நாட்டு மக்கள் நீராடலைப் பெரிதாக மதிப்பவர் என்று விண்ணப்பிக்க, மத்திய தேசத்துக்கு அப்பாற்பட்ட நாடுகளிலே இவ்விதி தளர்த்தப்பட்டது. ஓர் ஊரின் நெருக்கடிக்காகத் தோன்றிய விதி மற்றை ஊர்களுக்குப் பொருந்தாமற் போனதை நூலே ஒப்புக்கொள்ளுகின்றது. இவ்வரலாற்றை நாம் இன்று படிக்க முடிவது, விநயபிடகத்தைப் பாளியிற் பேணிக் காத்த இலங்கைப் பிக்குகளின் உழைப்பினாலே என்பதையும் நினைவுகூர்தல் தகும்.

இனி, நீர் ஏன் சுடுகின்றது என்னும் வினா. மலையடிவாரத்தில் நின்ற எவருக்கும் அது தோன்றாதிருக்க முடியாது. தபோதை தெளிந்து குளிர்ந்த ஏரி ஒன்றிலிருந்து வருகின்றது என்று மொக்கல்லானர் சொன்னார். கொதிக்கும் நீரைக் கண்ணாற் கண்ட பிக்குகள் அவர் பொய்யுரைத்தார் என்று குற்றஞ்சாட்டினர். நீரின் மூலம் குளிர்ந்ததே. அது இரண்டு பெருநரகங்களுக்கு இடையே பாய்ந்து வருதலாற் சுடுகின்றது என்று புத்தர் விளக்கியதாக விநயம் கூறும். சைனரின் பகவதி சூத்திரமும் வைபாரமலையின் கீழுள்ள இவ்வூற்றைப்பற்றி விவாதிக்கின்றது. பிறசமயத்தார் கூற்றை மறுக்கும் மகாவீரர் நரகத்தைத் துணைக்கழைப்பதில்லை. வெம்மையிற் பிறக்கும் உயிர்களும் அணுத்திரள்களும் அங்கே நீராகத் தோன்றி மறைகின்றன என்கின்றார். ஒரே ஊற்று இரு சமயத்தாருக்கும் தருக்கப்பொருளாயிற்று.

ஏழாம் நூற்றாண்டில் இவ்வூருக்கு வந்த சீனயாத்திரிகர் யுவான் சுவாங், பௌத்தரின் விளக்கத்தைச் சிறிது விரித்துத் தருகின்றார். இமயத்துக்கு அப்பாலுள்ள அனவதப்த ஏரியின் நீர் நிலத்தின்கீழ் ஓடி, ஐந்நூறு சிறுநரகங்களின் அனலாற் சூடேறி இங்கே வெளிப்படுகின்றதாம். இதைவிட அவர் கண்ணாற் கண்டு எழுதியவை நமக்குப் பெரிதும் பயன்படுவன. முன்னர் ஐந்நூறு ஊற்றுக்கள் இருந்தன. தம் காலத்தில் சில பதின்மங்களே எஞ்சின. அவற்றுட் சில தண்ணியன, சில வெய்யன. நீர் விழும் வாய்கள் சிங்கமுகமாகவும் யானைமுகமாகவும் செதுக்கப்பட்டிருந்தன. பலநாட்டாரும் வந்து நீராடினர். நெடுநாள் நோயாளர் பலர் குணமடைந்தனர் என்கின்றார். அருகருகே உள்ள ஊற்றுக்கள் வெவ்வேறு சூடுடையனவாதல் நம்மவர்க்கு வியப்பன்று. திருக்கோணமலைக்கு அண்மையிலுள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளிலும் நீர்வார்த்துக் குளித்தவர்கள் அதனை நன்கறிவர்.

வைபாரத்தின் அடியில் இப்பொழுது பிரமகுண்டமும் ஏழு வாய்களால் நீர்விழும் சப்ததாரையும் இந்துக்களின் தீர்த்தங்களாக உள்ளன. விபுலத்தின் அடியிலுள்ள ஊற்றொன்று, 14 ஆம் நூற்றாண்டிலே இம்மலைகளில் தவமிருந்த சூபி ஞானியார் சரபுத்தீன் மனேரியின் பெயரால் மக்தூம் குண்டம் எனப்படும். 1811-12 இல் பாட்னா, கயை மாவட்டங்களை ஆராய்ந்த பிரான்சிசு புக்கானன் இங்கே வெப்பமானியைக்கொண்டு சூட்டை அளந்தார். நரகங்களைவிட்டு எண்களுக்கு வந்த முதற்படி அதுவாகும். எரிமலை எதுவும் இங்கில்லை. மலைமேற் பெய்யும் மழை பாறைவெடிப்புக்களின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் இயல்பான வெம்மையை ஏற்று, வேறு வெடிப்புக்களின் வழியே மேலெழுகின்றது. பிரமகுண்டத்தின் நீர் சுமார் 45 பாகை செல்சியசுச் சூடுடையது. மூலநீர் குளிர்ந்ததே, வழியிலேதான் சுடுகின்றது என்ற அளவில் மொக்கல்லானரின் கூற்று முற்றும் பிழையன்று.

ஏறத்தாழ மூன்றாண்டுக்கொருமுறை வரும் அதிகமாதத்தில் மலமாச விழாவுக்காக இலட்சக்கணக்கானோர் இங்கே திரளுகின்றனர். ஊற்றுக்களோ யுவான் சுவாங் கண்டதிலும் குறைந்துவிட்டன. அண்மைய ஆண்டுகளிற் சில குண்டங்களில் நீர்வரத்துச் சுருங்கியமைக்கு, ஊர் பெருகியதும் ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியதும் காரணமாகக் கூறப்படுகின்றன. பலர் கூடும் ஊரில் நீரை அளவறிந்து கொள்ளவேண்டும் என்ற பிம்பிசாரன் காலத்துச் சிக்கல் இன்னும் தீரவில்லை. 2022 நவம்பரில், மொகாமாவுக்கு அருகிலிருந்து கங்கைநீரைக் குழாய்வழியே கொணர்ந்து இராச்கிர் மக்களுக்குக் குடிநீராக வழங்கும் திட்டம் தொடக்கிவைக்கப்பட்டது.