கண்ணாடி இழையில் இறங்கிய விண்மீன் ஒளி

ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் மாலை வேளையில் அமர்ந்து முதல் விண்மீனைத் தேடும் வழக்கம் இங்கு வந்து குடியேறிய நம்மிற் பலருக்கு உண்டு. இந்நகரிலேயே 1837-ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா ஒரு வானாராய்ச்சி நிலையத்தை நிறுவினார். ஜான் கால்டிகாட் அதன் தலைவராக அமர்ந்தார். அந்நாளைய வானநூலார் விண்மீன் நிற்கும் இடத்தை அளந்தனரேயன்றி, அது எப்பொருளால் ஆயது என அறிய வழி பெறவில்லை. அவ்வழியைத் திறந்தது 1859-இல் கிர்க்காப், பன்சன் ஆகிய இருவர் செய்த நிறமாலை ஆராய்ச்சி. 1868-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஜான்சன் என்ற பிரெஞ்சு அறிஞர் குண்டூரிலிருந்து நிறமாலைக் கருவியால் ஆராய்ந்ததை நாம் நினைவிற் கொள்ளலாம்.

ஆனால் நுட்பம் மிகமிக ஒரு தொல்லையும் வளர்ந்தது. தொலைநோக்கி பெரிதாகுந்தோறும் அதற்கேற்ற நிறமாலைக் கருவியும் பெருத்துக் கனக்கும். அதனைத் தொலைநோக்கியிலேயே தொங்கவிட்டால், தொலைநோக்கி சாயுந்தோறும் கருவியும் மயிரிழையளவு வளையும். வளைந்தால் அளவு பிழைபடும். எனவே, கருவியை அசையாத அறையில் வைத்து, வாய்க்கால் வெட்டி நீரைத் தோட்டத்திற்குக் கொணர்வதுபோல, ஒளியைக் கண்ணாடி இழை வழியே அங்குக் கொணர்ந்தனர். விண்மீனின் பிம்பம் சற்றே ஆடினும், இழையினுள் ஒளி கலந்து பெரும்பாலும் சீராகவே வெளிப்படும் என்பது கூடுதல் நன்மை.

நம் நாட்டில் இதற்குச் சிறந்த சான்று ஜவ்வாது மலையிலுள்ள காவலூர். வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்குத் திறக்கப்பட்டது. அதைக் காணாமலே அவர் 1982-இல் மறைந்தது வருத்தத்திற்குரியது. பின்னர் அதன் உச்சிக் குவியத்தில் 100 மைக்ரான் பருமனுள்ள, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கேயான, இழை பொருத்தப்பட்டது. ஏறக்குறைய 45 மீட்டர் நீளமுள்ள அவ்விழை தனி அறையிலுள்ள எஷெல் கருவிக்கு ஒளியைக் கொண்டு சேர்த்தது. ஒளியை இணைக்கதிராக்கவும், பிரிந்த நிறங்களைக் குவிக்கவும் ஒரே வில்லைத் தொகுதி உதவும்படி அமைத்தது சிக்கனத்தின் அழகு எனலாம். ஒரு நெடிய வரியைப் பல வரிகளாக முறித்து ஓரேட்டில் எழுதுவதுபோல், பட்டகம் நிறமாலையை அடுக்கடுக்காகப் பதியச் செய்தது. 60 மைக்ரான் பிளவை இட்டபோது பகுதிறன் 72,000 ஆயிற்று. அப்பிளவில் ஒளியின் ஒரு பகுதி வீணாவது மெய்யே. மங்கிய விண்மீனுக்கு அது பெரிய இழப்பு. ஆராய்ச்சியாளர் தெரிந்தே கொடுத்த விலை அது.

இத்தனை நுட்பம் எதற்கு எனக் கேட்கலாம். வியாழன் தன் ஈர்ப்பினால் சூரியனை நொடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்திலேயே அசைக்கிறது. நம் பூமியோ 9 சென்டிமீட்டர்தான். 1995-இல் மேயரும் கெலோவும் சூரியனையொத்த விண்மீன் ஒன்றைச் சுற்றும் முதற் கோளைக் கண்டதும் இழை பொருத்திய கருவியினாலேயே. 2018-இல் அபு மலையின் 1.2 மீட்டர் தொலைநோக்கியில், பாரஸ் என்னும் இத்தகைய கருவியைக் கொண்டு, சுமார் 600 ஒளியாண்டுத் தொலைவில் பூமியைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு நிறையுள்ள ஒரு கோளை நம்மவர் நிறுத்துக் காட்டினர். அக்கோளுக்கு ஓராண்டு என்பது நம் கணக்கில் இருபது நாட்கூட இல்லை.