ராஜபாளையத்தில் இருந்து ஒரு 'பிரதமர்'... யார் இந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா?

தமிழ்நாட்டின் முதலமைச்சர்கள் பட்டியலை ராஜாஜியில் இருந்தோ காமராஜரில் இருந்தோ ஆரம்பிப்பதுதான் பலருடைய வழக்கம். ஆனால் குடியரசு இந்தியாவில் சென்னை மாநிலத்தின் முதல் முதலமைச்சர் ராஜபாளையத்துக்காரர். பெயர் பூசப்பாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா.

1898 ஜூலை 8-ம் தேதி பிறந்தவர். பிறந்த சில நாட்களில் தாயையும், சின்ன வயதிலேயே தந்தையையும் இழந்து, பாட்டியிடம் வளர்ந்தார். காந்தியால் ஈர்க்கப்பட்டு காங்கிரசுக்கு வந்தார்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் பதவி விலகியதும், காமராஜரின் ஆதரவோடு 1949 ஏப்ரல் 6-ம் தேதி ஆட்சிப் பொறுப்பேற்றார். மாகாணத் தலைமை அமைச்சரை அப்போது 'பிரதமர்' என்றுதான் அழைத்தார்கள். 1950 ஜனவரி 26-ல் அரசியலமைப்பு அமலுக்கு வந்ததும் அதே நாற்காலி 'முதலமைச்சர்' ஆனது. அதனால் கடைசி பிரதமரும் அவரே, முதல் முதலமைச்சரும் அவரே.

கோர்ட்டில் நடந்தது என்ன?

சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் பல வழக்குகளில் ஒரு தரப்பு 'சென்னை மாநிலம்' என்று இருக்கும். அவற்றில் முக்கியமானவை இவர் ஆட்சிக் காலத்தவை.

கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் தடுப்புக்காவல் வழக்கில் 1950 மே மாதம் அரசு பெரும்பாலும் ஜெயித்தது. அதே மாதம் ரொமேஷ் தாப்பர் வழக்கில் தோற்றது. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை மாநிலத்துக்குள் வரக்கூடாது என்று போட்ட தடை, பேச்சுரிமைக்கு எதிரானது என ரத்தானது.

பெரிய அடி 1951-ல். மருத்துவ, பொறியியல் இடங்களை 14-ஆகப் பிரித்து பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 1, ஆங்கிலோ இந்தியர் மற்றும் கிறிஸ்தவர்களுக்கு 1 என்று ஒதுக்கிய கம்யூனல் ஜி.ஓ., செண்பகம் துரைராஜன் வழக்கில் செல்லாது என்றானது. பெரியாரும் திமுகவும் வீதிக்கு வந்தார்கள். சில மாதங்களிலேயே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. இன்றைய கல்வி இடஒதுக்கீட்டுக்கு அடிப்படையான 15(4) பிரிவு அப்போது சேர்ந்ததுதான். பேச்சுரிமைக்கான கட்டுப்பாடுகளை அதிகப்படுத்தியதும் அதே திருத்தம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆட்சியின் கறை என்றால் சேலம் சிறை. 1950 பிப்ரவரி 11-ம் தேதி நடந்த துப்பாக்கிச்சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்துப்போனார்கள். குடியரசாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

சென்னை யாருக்கு?

ஆந்திரா தனியாகப் பிரிவது பற்றி ஆராய 1949-ல் அமைந்த பிரிவினைக் குழுவுக்கும் இவர்தான் தலைவர். சென்னை நகரம் பற்றிய முடிவை ஏற்காமல் டி.பிரகாசம் தனிக்குறிப்பு எழுத, விவகாரம் அப்படியே நின்றது. ஆந்திரா பிறக்க 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தோல்வி

1952 முதல் பொதுத்தேர்தல். சொந்த ஊருக்குப் பக்கத்தில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் முதலமைச்சரே தோற்றுப்போனார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் ஜெயித்தவர் காமராஜர்! காங்கிரசுக்கு 375-ல் கிடைத்தது 152 இடம்தான். பெரும்பான்மை இல்லாத நிலையில் தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கூட்டிவந்து, மேலவைக்கு நியமித்து, 1952 ஏப்ரல் 10-ல் முதலமைச்சராக்கினார்கள்.

குமாரசாமி ராஜா 1954 முதல் 1956 வரை ஒடிசா ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில் காலமானார். ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டை அவர் ஊருக்கே கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம்.