சயாமுக்குப் போனவர்கள்: துயருற்றோரிடம் உண்மை உரைத்தல்



நம் கோலா சாவா வட்டாரத் தோட்டங்களில் சப்பானியர் காலத்தைக் கண்ட முதியவர்களின் பேச்சில் "சயாமுக்குப் போனவர்" என்றொரு வழக்கு இருந்தது. இறந்தார் என்று அச்சொல் கூறவில்லை. திரும்பினார் என்றும் கூறவில்லை. ஒரு தலைமுறையின் முடியாத துயரம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கியிருக்கிறது. துயரத்தில் இருப்பவரிடம் கசப்பான உண்மையைச் சொல்லலாமா, சொல்வதாயின் எவ்வளவு சொல்வது என்னும் வினாவிற்கு நம் சொந்த வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. அதனை இங்கு எண்ணிப் பார்ப்போம்.

நடந்தது என்ன?

1941 டிசம்பரில் மலாயாவில் தரையிறங்கிய சப்பானியப் படை, 1942 பிப்ரவரிக்குள் சிங்கப்பூர் வரை கைப்பற்றியது. இரப்பர் ஏற்றுமதி நின்றது. பால்வெட்டு வேலை இன்றித் தோட்டத் தமிழர்கள் பசியில் வாடினர். அந்த வேளையில், பர்மாவிலிருந்த தன் படைகளுக்குத் தளவாடம் அனுப்புவதற்காகச் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் தொலைவிற்கு இரயில் பாதை அமைக்கச் சப்பான் முனைந்தது. பணி 1942இல் தொடங்கி, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இருமுனையும் இணைந்தன.

ஆள் சேர்ப்பதற்குச் சொன்னது என்ன தெரியுமா? மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, உணவு இலவசம்! ஆள் போதாதபோது, இலவசப் படக்காட்சி என்று அழைத்து, வந்தவர்களை அப்படியே வண்டியில் ஏற்றிச் சென்றதும் உண்டு. குடும்பம் குடும்பமாகச் சென்றவர்களும் இருந்தனர். மழைக்காட்டில் வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் காத்திருந்தன. போர்க் கைதிகள் ஏறத்தாழ 13,000 பேரும், மலாயா, பர்மா, சாவகம் முதலிய நாடுகளின் தொழிலாளர்கள் 80,000 முதல் 1,00,000 பேர் வரையும் மாண்டனர் என்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீடு. முதல் எண்ணிக்கைக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். தொழிலாளர் கணக்கில் இருபதாயிரம் உயிர்கள் "முதல், வரை" என்னும் இரு சொற்களுக்கு இடையில் கிடக்கின்றன.

இருவகைத் துயரம்

போர்க் கைதிகள் தம் தோழர்களின் இறப்பைக் காவலர் அறியாமல் எழுதி வைத்தனர். சில பதிவுகளைப் புதைகுழிகளிலேயே மறைத்தனர். 1945 செப்டம்பரில் புறப்பட்ட தேடுதல் குழு 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டறிந்தது. தேடியவற்றுள் கிட்டாதவை 52 மட்டுமே. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் துயில்கின்றனர். அவர்களின் தாய்மார்க்கு இடி போன்ற செய்தி வந்தது, ஆயினும் வந்தது.

நம் தோட்டத்து லயங்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெயர்ப்பட்டியல் வைப்பார் இலர். இறந்த நாள் தெரியாததால் திதி கொடுக்க இயலவில்லை. குங்குமத்தை அழிப்பதா வைப்பதா என்று அறியாமல் பெண்கள் காத்திருந்தனர். இந்நிலையை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் "தெளிவற்ற இழப்பு" என்பார். முடிவு தெரியாத துயரம் ஆறுவதில்லை என்பதே அவர் ஆய்வின் சாரம். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தின் கேள்வியும் இதுவேயன்றோ? தம் பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் அவர்கள் கேட்டனர்.

சொல்ல இயலாத சாட்சி

இப்போது சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பக்கத்து லயத்துக்காரர் வாந்திபேதியில் இறந்து, பலரோடு சேர்த்து எரிக்கப்பட்டதை அவர் கண்டிருக்கிறார். அந்த மனைவி வாசலில் வந்து நிற்கிறார். "பின்னால் வருகிறார்" என்று சொல்லிவிட்டால் அன்றைய அழுகை நிற்கும். குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே கூறவில்லையா எனலாம். ஆனால் "குற்றமற்ற" என்னும் நிபந்தனையை நாம் மறந்துவிடுகிறோம். அந்தப் பொய்யால் கேட்டவளுக்கு ஒரு நாள் அமைதி. பிறகு நாற்பது ஆண்டுக் காத்திருப்பு. நன்மை பெற்றவர் சொன்னவர்தாம். ஓர் அழுகையைக் காணாமல் தப்பித்தார்.

சிலப்பதிகாரத்தின் துன்ப மாலையை நினைவுகூருங்கள். மதுரையில் நிகழ்ந்ததை அறிந்து ஓடிவந்த பெண், கண்ணகியின் முன் வாயடைத்து நிற்கிறாள். அவள் முகக்குறிப்பை அறிந்து கண்ணகியே கேட்கிறாள். அதன் பிறகு கொலையும் கள்வன் என்ற பழியும் ஒருங்கே சொல்லப்படுகின்றன. பழியை மறைத்திருந்தால் கண்ணகி அழுதிருப்பாள். ஆனால் அரசவைக்குச் சென்று நீதி கேட்டிருக்க இயலாது.

ஆகவே நான் இவ்வாறு பகுத்துக் காண்கிறேன். இறந்தார் என்னும் செய்தி துயருற்றவரின் உடைமை. அதை மறைக்க எவருக்கும் உரிமை இல்லை. எவ்வாறு இறந்தார் என்னும் விவரமோ, அவர் கேட்கும் வரை காத்து வைக்கத் தக்கது. கேட்டபின் மறைத்தல் கூடாது. திரும்பி வந்த தொழிலாளி விவரத்தை விழுங்கியது இரக்கம். ஆட்சியாளர்கள் செய்தியையே விழுங்கியதை இரக்கம் என்று எவ்வாறு கூறுவது?

வகுப்பறையில் நாம்

பெற்றோரையோ தாத்தா பாட்டியையோ இழந்த மாணவரிடம் "அப்பா வெளியூர் போயிருக்கிறார்", "பாட்டி தூங்குகிறார்" என்று நாமும் சொல்கிறோம். சிறு பிள்ளைகள் சொல்லை அப்படியே கொள்வர். ஊருக்குப் போனவர் திரும்ப வேண்டும். தூங்குபவர் எழ வேண்டும். "சயாமுக்குப் போனவர்" என்பதன் மறுவடிவமே இது! "அப்பா இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அது உன் தவறில்லை" என்று அருகில் அமர்ந்து தெளிவாகச் சொல்லுங்கள். பின் பேசாமல் இருங்கள். பிள்ளை கேட்கும், கேட்ட அளவுக்கு மெய்யான விடை கொடுங்கள்.

பொதுவெளியிலும் உண்மை தாமதமாகவே வருகிறது. 1990இல் காஞ்சனபுரியில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் ஒரே புதைகுழியில் வெளிப்பட்டன. ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" நாவல் இவ்வரலாற்றைத் தமிழில் பதிவு செய்தது. 2023இல்தான் அங்கு மாண்ட தமிழர்களுக்குக் காஞ்சனபுரியில் நடுகல் நாட்டப்பட்டது. போர் முடிந்து 78 ஆண்டுகள் கழித்து!

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் "சயாமுக்குப் போனவர்" ஒருவர் இருந்திருப்பின், அவர் பெயர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகியவற்றைக் கேட்டறிந்து ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பிள்ளையின் கையாலேயே எழுதச் செய்யுங்கள். கடைசி வரியில் "அங்கேயே இறந்தார்" என்று எழுதத் தயங்க வேண்டா.