படியும் ரஜாவும்: பாரக்பூரில் ஒரு நவம்பர்

சாந்த்ராகாச்சி நிலையத்தில் சென்னை வண்டி வந்து நிற்கும்போதெல்லாம், பச்சை வண்ணம் பூசிய தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு மேடையிலேயே உறங்கும் படைவீரர் சிலரைக் காணலாம். வடகிழக்கு எல்லைக்குச் செல்லும் அடுத்த வண்டிக்காகக் காத்திருப்பவர்கள் அவர்கள். அண்மையில் அவர்களுள் ஒருவர், நம் வேலூர்ப் பக்கத்துப் பிள்ளை, என் தமிழைக் கேட்டு எழுந்து அமர்ந்தார். தங்கையின் திருமணத்துக்கென்று கேட்ட விடுமுறை, திருமணம் முடிந்த மூன்றாம் நாள்தான் கிடைத்ததாம். “சீட்டு கையில வந்தாத்தான் லீவு, ஐயா, சட்டத்துல இருக்கறது லீவு இல்லே” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அது இல்லாமையே என்னை இக்கட்டுரை எழுத வைத்தது.

அரசாங்கத் தாள்களை மொழிபெயர்ப்பது என் தொழில். அகவிலைப்படி, பயணப்படி என்று நாள்தோறும் எழுதுகிறேன். நம் ஊர் லாரி ஓட்டுநர் கேட்கும் ‘பேட்டா’, கும்பினியார் படைக் கணக்குகளில் ‘பத்தா’ என்று வழங்கிய அதே சொல்லேயாகும். பாசறையை விட்டு வெளியூர் செல்லும் வீரனுக்குச் சம்பளத்துக்கு மேல் கொடுக்கப்பட்ட தொகை அது. சிறு தொகைதான், ஆயினும் இவ்வங்க நாட்டில் அதன்பொருட்டு இரு முறை படையே கலங்கியது. அவ்விரண்டும் அடக்கப்பட்ட விதத்தை ஒப்புநோக்குவதே நம் நோக்கம்.

முதற் கலகம் செய்தவர் வெள்ளை அதிகாரிகள். பிளாசிப் போருக்குப் பின் நவாபு மீர் ஜாபர் அவர்களுக்கு இரட்டைப் பத்தா வழங்கி வந்தார். அந்தச் செலவு பின்னர்க் கும்பினியின் தலையில் விழுந்தது. அதனை நிறுத்த லண்டனிலிருந்து ஆணை வந்தது. 1766-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் கிளைவ் அதனை நிறைவேற்றினார். அதிகாரிகள் ஒரே நாளில் பதவி விலகுவதென்று தமக்குள் சூளுரைத்துக்கொண்டனர். மராத்தியர் படையெடுப்பு எதிர்பார்க்கப்பட்ட வேளை அது. கிளைவ் சென்னையிலிருந்து அதிகாரிகளை வரவழைத்தார். முங்கேர்க் கோட்டையில் கலகம் முற்றியபோது அங்கே ஒழுங்கு குலையாமல் நின்று காத்தவர்கள் சிப்பாய்கள்! முடிவு யாது? பெரும்பாலோர் வருந்தி எழுதிக்கொடுத்து வேலைக்குத் திரும்பினர், சிலர் நீக்கப்பட்டனர், எவரும் தூக்கிலிடப்படவில்லை. முங்கேர்த் தளபதி சர் ராபர்ட் பிளெட்சர் விசாரணைக்குப்பின் நீக்கப்பட்டாலும், சில ஆண்டுகளில் சென்னைப் படைக்கே தலைமை வகிக்க வந்து சேர்ந்தார். 1776-இல் ஆளுநர் பிகட் பிரபுவைச் சிறைப்பிடித்த கூட்டத்தில் அவரும் ஒருவர்.

இரண்டாவது, 1824-ஆம் ஆண்டு. இடம், சாந்த்ராகாச்சிக்கு ஆற்றின் மறுகரையில், வடக்கே உள்ள பாரக்பூர்.

அவ்வாண்டு பர்மாவுடன் போர் மூண்டது. ரங்கூனுக்குக் கப்பலேறிய படையில் பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள். வங்காளப் படையின் 26, 47, 62-ஆம் பட்டாளங்களோ தரை வழியே சிட்டகாங் செல்ல ஆணை பெற்றன. 47-ஆம் பட்டாளம் அப்பொழுதுதான் மதுராவிலிருந்து நெடுந்தூரம் நடந்து வந்து இளைப்பாறியிருந்தது. சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 7 ரூபாய். தன் பித்தளைப் பாத்திரங்களையும் படுக்கையையும் சுமக்க அவனே மாடு பிடிக்க வேண்டும்; கூலியும் அவனே கொடுக்க வேண்டும். போருக்காக அரசாங்கமே மாடுகளை வாரிக்கொண்டுபோனதால் விலை பன்மடங்கு ஏறியிருந்தது; பணம் கொடுத்தாலும் மாடு கிடைக்கவில்லை. அரசாங்க மாட்டுக்காரன் சிப்பாயைவிட மிகுதியாகச் சம்பாதிக்கிறான் என்ற பேச்சும் பாசறையில் உலவியது. ராமுவில் பர்மியர் வென்ற செய்தி வேறு. கடலில் ஏற்றிவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. வண்டி மாடு கொடுங்கள், அன்றேல் இரட்டைப் பத்தா கொடுங்கள் என்றனர். கோரிக்கையில் அநியாயம் எங்கே என்று எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் 1-ஆம் நாள் 47-ஆம் பட்டாளத்தார் முதுகுப்பை அணிந்து அணிவகுக்க மறுத்தனர். பெருந்தளபதி சர் எட்வர்டு பேஜெட் வெள்ளைப் பட்டாளங்களையும் பீரங்கிகளையும் இரவோடிரவாகத் திரட்டினார். சிப்பாய்கள் விண்ணப்பம் ஒன்று அனுப்பினர். ஆயுதம் கீழே வைத்தாலன்றி எதுவும் கேட்கப்படமாட்டாது என்பதே விடை. மறுநாட் காலை கொடுக்கப்பட்ட தவணை சில நிமிடங்கள். அதன்பின் பீரங்கிகள் முழங்கின. சிப்பாய்கள் எதிர்த்துச் சுடவில்லை, சிதறி ஓடினர். ஹூக்ளியில் பாய்ந்து மூழ்கியோர் பலர். அவர்கள் எறிந்துவிட்டுப் போன துப்பாக்கிகளைப் பார்த்தபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றில் குண்டே நிரப்பப்பட்டிருக்கவில்லை. தலைவராகக் கருதப்பட்ட பின்தா திவாரி தூக்கிலிடப்பட்டார். உடல் சங்கிலியில் தொங்கவிடப்பட்டது. 47 என்ற எண்ணே படைப் பட்டியலிலிருந்து அழிக்கப்பட்டது. 1827-இல் ஜோசப் ஹியூம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இதனை எழுப்பினார். அவர் தீர்மானம் தோற்றது. பாரக்பூர் மக்கள் மட்டும் திவாரிக்கு ஒரு சிறு கோயில் வைத்திருக்கின்றனர்.

நாலே ஆண்டுகள் கழித்து, 1828-இல், பெண்டிங்கு பிரபு இதே பாரக்பூர் முதலிய நிலையங்களில் அதிகாரிகளின் பத்தாவைப் பாதியாக்கினார். அதிகாரிகள் பத்திரிகைகளில் வசைமாரி பொழிந்தனர், மனுக்கள் குவிந்தன. பீரங்கி எதுவும் திருப்பப்படவில்லை.

நம்மவர் கதையும் ஒன்று உண்டு. வங்காளச் சிப்பாய் குடும்பத்தை அயோத்திச் சீமையில் விட்டுவிட்டு, ‘ரஜா’ பெற்று ஊர் சென்று வருவான். சென்னைச் சிப்பாயோ மனைவி மக்களைப் பாசறைக்கே அழைத்துச் செல்வான். ஆதலால் அவனைக் கடல் கடந்து அனுப்பினால் ஒரு சம்பளத்தில் இரண்டு அடுப்பு எரிய வேண்டும். அந்த இரண்டாம் அடுப்பின் விறகுதான் பத்தா. 1844-இல் சிந்துவுக்குப் புறப்பட்ட சென்னை 47-ஆம் பட்டாளத்துக்குப் பர்மாவுக்குரிய படியே கிடைக்கும் என்று சென்னை ஆளுநர் டுவீடேல் வாக்களித்தார். அதனை நம்பி வீட்டுக்கு ஒதுக்கீடு செய்துவிட்டு அவர்கள் கப்பலேறினர். பம்பாயை அடைந்தபோது, மேலிடத்து அரசாங்கம் அவ்வாக்கை ஒப்பவில்லை என்பது தெரிந்தது. அணிவகுப்பிலேயே கூச்சல் எழுந்தது. சிலர் பிடிக்கப்பட்டனர், பம்பாய் அரசாங்கம் முன்பணம் கொடுத்து அமைதிப்படுத்தியது. வாக்களித்தவரை எவரும் அணிவகுப்பில் நிறுத்தவில்லை.

இன்று பொறி வாயில் நிறுத்துவாரில்லை. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி படைவீரருக்கெனத் தீர்ப்பாயம் உண்டு; அதன் கிளை கொல்கத்தாவிலும் உண்டு, சென்னையிலும் உண்டு. ஊதியம், படி, ஓய்வூதியம் பற்றி ஒரு சிப்பாய் அங்கே வழக்காடலாம். பாரக்பூரில் கேட்கப்படாத விண்ணப்பத்துக்கு ஒரு மன்றம் கிடைத்துவிட்டது. ஆனால் அச்சட்டத்தின் விளக்கப் பிரிவைத் தொழில்முறையில் வாசித்தவன் நான். தீர்ப்பாயம் விசாரிக்கலாகாதவை என்று அது ஒதுக்கிய சிலவற்றுள் ‘எவ்வகை விடுமுறையும்’ என்பது ஒன்று. ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுமுறையும் 30 நாள் தற்செயல் விடுமுறையும் வீரனுக்கு விதியில் உள்ளன. எந்த 60 நாள் என்பது மேலதிகாரியின் பேனாவில் உள்ளது. எல்லையில் ஆள் குறையும்போது அப்பேனா தயங்குவதில் நியாயமுண்டு; மற்ற வேளைகளில் தயங்கினால் கேட்பதற்கு அப்பட்டாளத்தின் படிக்கட்டுகளே வழி.

இதையெல்லாம் வேலூர்ப் பிள்ளையிடம் நான் சொல்லவில்லை. அவருடைய வண்டி வந்துவிட்டது. பெட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்துத் தூக்கினேன். தங்கை வீட்டு முறுக்கு இருக்கிறது, பார்த்து என்றார்.