மேஸ்திரி நீட்டிய பணம்

காதல் நாவலில் ஒரு சின்ன முடிவு வாழ்க்கையையே திருப்பிவிடும். கொடுக்காத கடிதம், தவறவிட்ட பஸ். நம்ம சனத்தின் வாழ்க்கையைத் திருப்பிய சின்ன முடிவு, மேஸ்திரி நீட்டிய முன்பணத்தைக் கைநீட்டி வாங்கியது.

1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர் பி.எச். டேனியல். தொழிலாளர்கள் சொல்லக் கேட்டு அவர் எழுதிய ‘ரெட் டீ’ 1969இல் வந்தது. இரா. முருகவேள் 2007இல் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். திருநெல்வேலிச் சீமைக் கருப்பனும் வள்ளியும் பசிக்கு மலையேறுகிறார்கள். இதைக் காதல் நாவல் என்றால் சிரிப்பார்கள். எனக்கு அப்படித்தான் படுகிறது. அவங்க பிரியத்தைத் தவிர வேறெல்லாம் கங்காணி கணக்கில் போய்விட்டது.

‘அறியாமையால மாட்டிக்கிட்டாங்க’ என்கிறார்கள் படித்தவர்கள். வாங்கலைன்னா ஊர்ல என்ன இருந்துச்சு? நிலம் யாருது? அந்தச் சின்ன முடிவைப் பெரிதாக்கியது விதி அல்ல, சட்டம். முன்பணம் வாங்கி வேலையை விட்டவரைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. 1925இல்தான் அதை ரத்து செய்தார்கள். கங்காணியின் நோட்டு அப்போதும் கிழியவில்லை.

போடிக்காரங்களுக்கு இது தூரத்துக் கதை இல்லை. ஏலக்காட்டு வேலைக்கு விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் போகிறார்கள் பெண்கள். ஏலக்காய் செடியின் அடியில், தரையோடு கிடக்கும் சரத்தில் காய்க்கும். நாள் பூராவும் குனிஞ்சேதான் எடுக்கணும். சாயங்காலம் வீடு திரும்பலாம். கருப்பன் காலத்தில் கடன் தீராமல் மலையிறங்க முடியாது.