புலியருவியில் புலி எங்கே?

போன சீசனுக்கு அக்கா பையனைக் குற்றாலம் கூட்டிட்டுப் போனேன். எட்டு வயசு. புலியருவி, குரங்கு, அடர்ந்த காடுன்னு ரயில்ல வழியெல்லாம் நான் கொடுத்த பில்டப் கொஞ்சநஞ்சமில்லை. தென்காசியில் இறங்கும்போதே சாரல், பயலுக்கு ஒரே குஷி. போய்ச் சேர்ந்தா கம்பித் தடுப்பு, கியூ, வரிசையா சிப்ஸ் கடை. "மாமா, புலி எங்க?"ன்னு கேட்டான். முழிச்சேன்.

எனக்கு இந்த பில்டப்பைக் கொடுத்தது யாருன்னு யோசிச்சா, முதல் ஆள் திரிகூடராசப்பக் கவிராயர். அவரோட குற்றாலக் குறவஞ்சிக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்க சொக்கநாதர் (1706-1732) மானியமா கொடுத்த நிலத்துக்கு 'குறவஞ்சி மேடு'ன்னே பேர். அதுல ஆண் குரங்கு பழம் கொடுத்து மந்தியைக் கொஞ்சும். மந்தி சிந்தின பழத்துக்கு வானுலகத்தாரே கெஞ்சுவாங்க. பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணினது, அப்படியே மனசுல தங்கிடுச்சு.

ரெண்டாவது ஆள் வெள்ளைக்காரர். கம்பெனி டாக்டர் ராபர்ட் வைட் 1830களில் இங்கே செடி செடியா சேகரிச்சார். ரங்கையா, கோவிந்துன்னு நம்ம ஓவியர்கள் அவருக்குப் படம் வரைஞ்சாங்க. 1838 முதல் 1853 வரை புத்தகங்களா வந்துச்சு. குற்றாலத்தின் பேரையே தாங்கி நிற்கிற ஒரு நாவல் இனம்கூட உண்டு: சைஜீஜியம் கோர்ட்டல்லென்ஸ்.

ஆனா வைட் வந்தப்பவே இது ஆள் கை படாத காடு இல்லீங்க. அதுக்கு முன்னாடியே, 1800ஐ ஒட்டி, கம்பெனிக்காரங்க ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் நட்டுத் தோட்டம் போட்டாச்சு. அப்புறம் நாம வந்தோம், எண்ணெய், சீயக்காய், ஷாம்பு சகிதம். 2014ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதுக்குத் தடை போட வேண்டியதாச்சு. 2022ல் இன்னொரு கூத்து. தண்ணியைத் திருப்பி ரிசார்ட்டுக்குள்ள செயற்கை அருவி விடறாங்கன்னு வழக்கு!

அன்னிக்கு அக்கா பையன் கையிலிருந்த பாக்கெட்டை ஒரு குரங்கு பிடுங்கிட்டு ஓடுச்சு. கவிராயர் காலத்துல குரங்கு சிந்தினதுக்கு வானவர் கெஞ்சினாங்க. இப்போ நாம சிந்தறதுக்குக் குரங்கு காத்துக் கிடக்கு. அது கெட்டுப் போனதா? கெடுத்தது நாமதானே.

காடு இன்னும் மேலே இருக்கு. செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் வனத்துறை பொதுவா யாரையும் விடுறதில்லை. சின்ன வயசுல எனக்கு அது எரிச்சல். இப்போ சரின்னு படுது. 2015ல் இந்த மலைத்தொடரில் நெல்லை வனவிலங்குச் சரணாலயம் அறிவிச்சாங்க. தெற்கே களக்காடு முண்டந்துறை 1988லேயே புலிகள் காப்பகம்.

திரும்பி வர்றப்போ ரயில்ல பயலுக்குப் பதில் சொன்னேன்: "புலி அந்த மலைத்தொடர்ல தெற்கே இருக்குடா. நாம போகாத இடத்துல."

"அப்ப நாம போக வேணாம் மாமா"ன்னான்.

எனக்கு இது தோண இத்தனை வருஷம் ஆச்சு.