நெய்வேலிச் சுரங்கமும் தோல் காலணியும்

தோல் காலணியின் பொருத்தம் என்பது, காலின் நீளம், அகலம், மேற்பாத உயரம் ஆகியவற்றோடு காலணியின் உள்வடிவம் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் காலணி பெரும்பாலும் வாசலில் கழற்றிவிடப்படும் பொருள். வீடு, கோயில், சில கடைகள் என எங்கும் வெறுங்காலே வழக்கம். கடலூர் மாவட்டத்தில் உள்ள நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இது தலைகீழ். அங்கே காலணி இல்லாதவர் உள்ளே போக முடியாது. ஒரு பணிநேரம் முழுவதும் கழற்ற முடியாத காலணி காலுக்குப் பொருந்துகிறதா என்பது அங்கே அழகு பற்றிய கேள்வி அல்ல. உடல்நலம் பற்றிய கேள்வி.

பெயரும் பழமையும்

காலணியைக் குறிக்கும் பழஞ்சொற்கள் சங்க இலக்கியத்தில் உள்ளன. 'தொடுதோல்' என்பது காலில் தொடுக்கும் தோல், அதாவது செருப்பு. பெரும்பாணாற்றுப்படை வணிகர்களின் காலணியை 'அடிபுதை அரணம்' என்கிறது. பாதத்தை மூடும் கவசம் என்பது அதன் பொருள். இன்றைய ஷூவுக்கு மிக நெருக்கமான பழைய சொல் இதுவே எனலாம். அதே நூல் இடையன் ஒருவனின் காலைப் பேசும்போது, செருப்பு அழுத்தி உண்டான வடு ஆழப் பதிந்திருந்ததையும் சொல்கிறது. பொருந்தாத காலணி காலில் விட்டுச்செல்லும் தடத்தைப் பற்றிய மிகப் பழைய தமிழ்க் குறிப்புகளுள் இதுவும் ஒன்று.

தோல் பதனிடும் தொழில்

தென்னிந்தியாவில் தோல் பதனிட ஆவாரம் பட்டையும் கடுக்காயும் நெடுங்காலம் பயன்பட்டன. பட்டையில் உள்ள துவர்ப்பொருள் தோலின் இழைகளைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884இல் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டையில் வாரக்கணக்கில் ஆகும் வேலை இதனால் சில நாள்களில் முடிந்தது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 வாக்கில் குரோம் பதனிடலைச் சோதித்தார். கிணற்றில் நீர் இறைக்கும் கவலைப் பைக்கு உகந்த தோல் அவரது முதல் நோக்கங்களுள் ஒன்று. எப்போதும் நனைந்தே கிடக்கும் பைக்குப் பட்டைத் தோலைவிடக் குரோம் தோல் நீடித்து உழைத்தது. சென்னைக்குத் தெற்கே எழுந்த குரோம் தோல் ஆலையின் பெயரால்தான் குரோம்பேட்டை அப்பெயர் பெற்றது.

நாடு விடுதலை பெற்ற பின் 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. யெலவர்த்தி நாயுடம்மா அதன் இயக்குநராக இருந்த காலத்தில் ஆய்வகமும் பதனிடும் ஊர்களும் நெருங்கின. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் வெறும் தோலை ஏற்றுமதி செய்வதிலிருந்து ஷூவின் மேற்பகுதியும் முழு ஷூவும் தைப்பதற்கு மாறின. இந்த வளர்ச்சிக்கு விலையும் இருந்தது. ஆலைக் கழிவால் பாலாற்றுப் படுகை மாசடைந்தது தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் உறுதிப்படுத்தியது.

1957: சுரங்கமும் சட்டமும்

1930களில் தி. மா. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிவந்தது நெய்வேலிச் சுரங்க வரலாற்றின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது. 1962இல் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியது. சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்களின் அருகில், வட்டம் என்று எண்ணிட்ட குடியிருப்புகளோடு நகரியம் எழுந்தது.

சுரங்கம் தொடங்கிய அதே 1957ஆம் ஆண்டில் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகள் வெளியாயின. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட இவை, ஏற்புடைய பாதுகாப்புக் காலணி அணியாமல் எவரும் சுரங்கத்தில் வேலை செய்யக் கூடாது என்றன. அந்தக் காலணியை நிர்வாகமே இலவசமாக வழங்க வேண்டும், உடனுக்குடன் கொடுக்கும் அளவுக்கு இருப்பும் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தன. 2017இல் இவற்றுக்கு மாற்றாகப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதும் பாதுகாப்புக் காலணி கட்டாயமாகவே நீடித்தது.

இந்த விதியின் எடையை அக்காலச் சமூக நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில், ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆதிக்கச் சாதியினரின் தெருவில் செருப்பு அணிந்து நடக்க முடியாது. கழற்றிக் கையில் எடுத்துச் செல்ல வேண்டும். தோலைப் பதனிட்டவர்களும் செருப்பைத் தைத்தவர்களும் பெரும்பாலும் அந்த ஒடுக்கப்பட்ட சாதியினரே. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் தெருக்களில் தடை உடனே மறையவில்லை. இந்நிலையில், எந்தச் சாதியினராயினும் காலணி இல்லாமல் உள்ளே வரக் கூடாது என்ற விதி சுரங்க வாசலில் நின்றது. சாதியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி அல்ல அது. காயத்தைத் தவிர்க்க எழுதப்பட்டது. ஆனால் ஒரு தெருவில் செருப்பு குற்றமாகவும் ஒரு வேலையிடத்தில் வெறுங்கால் குற்றமாகவும் இருந்த காலம் அது.

சுரங்கக் காலணியின் அமைப்பு

நெய்வேலிச் சுரங்கம் திறந்தவெளிச் சுரங்கம். கடினமான மணற்பாறை கொண்ட மேல்மண்ணைப் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் எனப்படும் சக்கர வெட்டு இயந்திரங்கள் அகற்றுகின்றன. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் உள்ளதால் இரவும் பகலும் நீரை வெளியேற்ற வேண்டியுள்ளது. வெயிலில் கொதிக்கும் மணல், மழைக்காலச் சேறு, சரிவுப் பாதை, ஓயாது ஓடும் கன்வேயர் ஆகிய அனைத்தையும் ஒரே காலணி தாங்க வேண்டும்.

சுரங்கத் தொழிலாளருக்கான தோல் பாதுகாப்புக் காலணிக்கு ஐ.எஸ். 1989 என்ற இந்தியத் தரம் உண்டு. பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 20345 இன்படி, காலணியின் முன்முனையில் உள்ள கவசம் 200 ஜூல் ஆற்றலுள்ள மோதலைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது உண்டாகும் ஆற்றல் இது. கவசம் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்க வேண்டும்.

இந்தக் கவசமே பொருத்தத்தைக் கடினமாக்குகிறது. சாதாரணத் தோல் ஷூ அணிய அணியக் காலின் வடிவுக்கு இளகும். தோலின் புரத இழைகள் வியர்வையின் ஈரத்தையும் உடற்சூட்டையும் பெற்று அகலவாட்டில் சற்று விரியும். எஃகுக் கவசமோ விரியாது. முதல் நாள் சுண்டுவிரலை அழுத்திய கவசம் கடைசி நாளும் அழுத்தும். சரிவில் இறங்கும்போது கால் முன்னோக்கிச் சறுக்கி நகம் கவசத்தில் மோதும். வலி தாங்காமல் ஓர் அளவு பெரிய காலணியை வாங்கினால் குதிகால் ஆடும், கொப்புளம் வரும், படிக்கட்டில் தடுக்கும். இரண்டும் பாதுகாப்புக்குக் கேடு.

அளவுமுறைகள்

இந்தியக் கடைகளில் பெரிதும் வழங்குவது ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த பிரித்தானிய அளவுமுறை. இதன் அடிப்படை வாற்கோதுமை மணி. மூன்று மணிகளின் நீளம் ஓர் அங்குலம் என்பது பழைய ஆங்கில வழக்கு. ஆகவே ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 8.5 மி.மீ. வேறுபாடு இருக்கும். ஐரோப்பிய முறையில் இந்த இடைவெளி 6.67 மி.மீ. இரண்டும் காலை அளப்பதில்லை. காலணி தைக்க உதவும் கால் வடிவ அச்சை, தொழிலாளர் 'லாஸ்ட்' என்று அழைப்பதை அளக்கின்றன. பிரித்தானிய 8ஆம் எண்ணின் அச்சு 11 அங்குலம், அதாவது 279 மி.மீ. ஐரோப்பிய 42ஆம் எண்ணின் அச்சு 280 மி.மீ. எண்கள் வேறாயினும் காலணி கிட்டத்தட்ட ஒன்றே. காலின் நீளத்தையே மில்லிமீட்டரில் குறிக்கும் மோண்டோபாயின்ட் என்ற பன்னாட்டு முறையும் உண்டு.

அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பிரானக் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகருவி, நீளத்தோடு அகலத்தையும் குதிகாலிலிருந்து முன்பாத மூட்டு வரையுள்ள தூரத்தையும் அளந்தது. ஆனால் நம் கடைகளில் அகலத்தைக் கேட்கும் வழக்கம் வேரூன்றவில்லை. அகலமான காலுடையவர் நீளமான எண்ணை வாங்குவதே பழக்கமாயிற்று.

விளையாட்டுக் காலணி

ரப்பர் அடியும் துணி மேற்புறமும் கொண்ட காலணி 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பரவியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ அதன் வழிவந்ததே. துணிக்குப் பதில் தோலைக் கொண்டு செய்த டென்னிஸ் ஷூவை அடிடாஸ் 1960களில் வெளியிட்டது. பின்னர் அது ஸ்டான் ஸ்மித் என்ற வீரரின் பெயரைப் பெற்றது. ரீபாக் நிறுவனத்தின் 'கிளாசிக் லெதர்' 1983இல் வந்தது. மென்மையான தோல், வளையும் ரப்பர் அடி, கணுக்காலுக்குக் கீழே நிற்கும் விளிம்பு ஆகியவை இவ்வகையின் இயல்புகள். சுரங்கக் காலணி காலைக் காக்க விறைப்பை நம்புகிறது. தோல் ஸ்னீக்கர் நெகிழ்வை நம்புகிறது. பொருத்தம் பார்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

வலியும் பொருத்தமும்

காலணிப் பொருத்தம் பற்றிய மருத்துவ அறிவுக்குத் தமிழ்நாடு பெரும் பங்களித்துள்ளது. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்புண்ணை ஆராய்ந்தார். நோய் தசையைத் தின்பதாக அன்று நம்பப்பட்டது. நோய் உணர்வு நரம்பைக் கெடுக்கிறது, வலி தெரியாததால் அவர்கள் புண்ணின் மேலேயே நடக்கிறார்கள் என்பதை அவர் விளக்கினார். ஆணி குத்தினாலும் வார் அறுத்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இந்தப் புரிதலிலிருந்து, அழுத்தத்தைப் பரப்பும் நுண்துளை ரப்பர் செருப்புகள் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் உருப்பெற்றன. எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் அவை பரிந்துரைக்கப்படுகின்றன. காலணி கடிக்கிறது என்ற புகாரை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

1992இல் ராவ், ஜோசப் ஆகிய மருத்துவர்கள் 2,300 இந்தியக் குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையும் குறிப்பிடத்தக்கது. தட்டைப்பாதம் காலணி அணிந்த குழந்தைகளில் 8.6 விழுக்காடாகவும், அணியாதவர்களில் 2.8 விழுக்காடாகவும் இருந்தது. முன்புறம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி.

பொருத்தத்தை மதிப்பிடுதல்

தோல் ஷூவோ பாதுகாப்புக் காலணியோ வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• நேரம்: நடமாட்டத்தால் கால் மாலையில் சற்று வீங்கும். மாலையில் அளப்பதே நல்லது.
• இரு கால்களும்: பலருக்கு ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. பெரிய காலுக்கே அளவு பார்க்க வேண்டும். உட்கார்ந்தபடி அளக்காமல், நின்று எடையைக் காலில் ஏற்றி அளக்க வேண்டும்.
• நீளம்: மிக நீண்ட விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் தேவை. சிலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம்.
• அகலம்: ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்து அதன்மேல் நிற்க வேண்டும். கால் தகட்டுக்கு வெளியே வழிந்தால் அகலம் போதாது.
• குதிகால்: நடக்கும்போது குதிகால் எழும்பிக் கழலக் கூடாது. புதுத் தோலில் சிறு அசைவு இயல்பு.
• சரிவு: சாய்தளத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். விரல் முனையில் இடித்தால் அந்தக் காலணி பொருந்தாது.
• காலுறை: வேலையின்போது அணியும் அதே காலுறையோடு பார்க்க வேண்டும்.

தோல் அகலத்தில் இளகும், நீளத்தில் வளராது. 'போடப் போடச் சரியாகிவிடும்' என்ற கடைக்காரர் வாக்கு பக்கவாட்டு இறுக்கத்துக்கு ஓரளவு உண்மை. நீளக் குறைவுக்கு ஒருபோதும் உண்மையாகாது.

இந்தியக் கால் அளவை ஆய்வு

2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் கால்களை முப்பரிமாணக் கருவியால் அளந்தது. இந்தியரின் முன்பாதம், தற்போதைய அளவுமுறைகள் கருதுவதைவிட அகலம் என்பது முக்கியமான முடிவு. பெண்களின் கால் சுமார் 11 வயதிலும் ஆண்களின் கால் 15 அல்லது 16 வயதிலும் முழு வளர்ச்சியை எட்டுகிறது என்பதும் தெரியவந்தது. இதன் அடிப்படையில் 'பா' (பாரதம் என்பதன் முதலெழுத்து) என்ற எட்டு அளவுகள் கொண்ட இந்திய முறை முன்மொழியப்பட்டது. நூறாண்டுக்கு மேலாக, அகலம் போதாமல் நீளமான எண்ணை வாங்கிய கால்களின் அனுபவம் இந்த ஆய்வில் எண்ணாக வெளிப்பட்டது.

தமிழ்நாடு அரசு 2022இல் காலணி, தோல் பொருள்களுக்கென்று தனிக் கொள்கையை வெளியிட்டது. செய்யாறு, பெரம்பலூர் ஆகிய இடங்களைத் தொடர்ந்து, அரியலூர் மாவட்டம் ஜெயங்கொண்டத்திலும் தைவான் நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நெய்வேலியைப் போலவே ஜெயங்கொண்டத்தின் மண்ணுக்கடியிலும் பழுப்பு நிலக்கரி உண்டு. வெளிநாட்டுக் கால்களின் அச்சில் ஷூ தைக்கும் இத்தகைய ஆலைகள் இந்தியக் காலின் அகலத்துக்கேற்ற அச்சையும் கைக்கொண்டால், அதன் பயன் சுரங்கத்தில் எட்டு மணிநேரம் காலணியைக் கழற்ற முடியாமல் நிற்பவர்களுக்கு முதலில் கிடைக்க வேண்டும்.